ஓடைப்பட்டியில் தொங்கிய பதினான்கு கற்கள்

சுங்க அதிகாரி என் பிளாஸ்க்கைத் திறந்து பார்த்தார். உள்ளே பனிக்கட்டிகளுக்கு நடுவில் ஒரு சிறு பாட்டில். பாட்டிலுக்குள் கருநீலமாக ஒரு திரவம்.

"என்ன சார் இது?"

"மை."

"எழுதுற மையா?"

"எழுதலாம். ஆனால் இதில் கரண்டு ஓடும்."

அவர் என் முகத்தையும் பாஸ்போர்ட்டில் இருந்த முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கரண்டு ஓடும் மையோடு நாடு விட்டு நாடு வருகிற ஆளுக்குரிய களை இரண்டிலுமே இல்லை. அடுத்து பையைத் திறந்தார். ஒரு சாண் நீளமும் விரல் அகலமும் உள்ள நாற்பது ரப்பர் பட்டைகள். "இது?" என்றார். "கையுறை செய்கிற ரப்பர்" என்றேன். "கையுறை எங்கே?" என்றார். "இனிமேல்தான்" என்றேன். ஐம்பத்திரண்டு வயது ஆளிடம் இவ்வளவுதான் சொத்து என்றால் அதைப் பறிப்பது பாவம் என்று நினைத்திருக்க வேண்டும். போகச் சொல்லிவிட்டார்.

நான் மலேசியாவில், கிள்ளான் பக்கத்தில், ஒரு கையுறைத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். கேட்கக் கம்பீரமாக இருக்கும். அப்போது செய்த வேலை இதுதான்: கையுறைக்குள் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, ஒழுகுகிறதா என்று பார்ப்பது. இருபத்தாறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில நாள் ஒழுகும், சில நாள் ஒழுகாது.

எங்கள் தவுக்கே ஒரு சஞ்சிகை படித்ததில் ஆரம்பித்தது இந்தப் பயணம். சீன முதலாளியை எங்கள் நாட்டுத் தமிழர்கள் தவுக்கே என்போம். பக்கவாதத்தில் கை விழுந்தவர்கள் மறுபடி விரலை மடக்கப் பழகும்போது, எவ்வளவு மடக்கினார்கள் என்று கையுறையே மருத்துவருக்குச் சொல்லும் காலம் வரப்போகிறது என்று அந்தச் சஞ்சிகையில் இருந்ததாம். கையுறை பேச வேண்டுமென்றால் அதன்மேல் மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கை மெல்லிசாகப் பூச வேண்டும். அதே மாதத்தில்தான் தேனியில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆசிரியை, செல்வராணி என்று பெயர், மெல்லிய ரப்பர் கிடைக்குமா என்று எங்களுக்கு எழுதியிருந்தார். தானும் அதே பூச்சைத்தான் செய்துகொண்டிருப்பதாகவும், ஒரே ஒரு சிக்கல் என்றும் குறிப்பிட்டிருந்தார். அந்த ஒரே சிக்கல் என்னவென்றால், ரப்பர் நீளும், பூச்சு நீளாது. இழுத்தால் பூச்சு வெடித்துவிடும். வெடித்த இடத்தில் மின்சாரம் நின்றுவிடும். அதாவது, எல்லாம் சரியாக இருக்கிறது, காரியம் மட்டும் நடக்கவில்லை.

தவுக்கே ஒரு வருடம் ரப்பரும் மையும் அனுப்பிப் பார்த்தார். பிறகு நிபந்தனை போட்டார். பத்துப் பட்டைகள் வேண்டும். ஒன்றரை மடங்கு நீள வேண்டும். ஐந்நூறு தடவை இழுத்துவிட்ட பிறகும் மின்சாரம் ஓட வேண்டும். ஒரே வாரம். "சாட்சியாக நீ போ" என்றார் என்னிடம். எனக்குத் தமிழ் தெரியும் என்பது முதல் காரணம். தண்ணீர் ஊற்ற வேறு ஆள் கிடைக்கும் என்பது இரண்டாவது.

மதுரையிலிருந்து தேனிப் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் பிளாஸ்க்கையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கி வேம்பு நிழலில் நின்றோம்.

"காப்பியா அதுல?"

"இல்லம்மா. மை."

"குடிக்கிறதுக்கா?"

"பூசுறதுக்கு."

"தலைக்கா?" என்று என் தலையைப் பார்த்தார். பூச அங்கே அதிகம் இல்லை என்பதை இருவருமே உணர்ந்தோம். பிறகு தேனிப் பக்கம் எல்லோரும் கேட்கப்போகிற கேள்வியை அவர்தான் முதலில் கேட்டார்: "மலேசியாவா? பூர்வீகம் எந்த ஊரு?" எனக்குத் தெரியாது. என் பாட்டனாரின் அப்பா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான் அதைத் தேடவும் வரவில்லை. அடுத்த நான்கு நாளில் இதை இருபது பேருக்குச் சொன்னேன். இருபது பேருமே, "ஒங்க மூக்கப் பாத்தா இந்தப் பக்கந்தான்" என்று முடித்துவைத்தார்கள்.

வெயிலில் பனிக்கட்டி கரைந்துகொண்டிருந்தது. மை குளிர்ச்சியாக இருக்க வேண்டும், ஆனால் உறைந்துவிடக் கூடாது. மாப்பிள்ளை மாதிரி. சாலையோரச் சர்பத் வண்டிக்காரரிடம் சர்பத் இல்லாமல் ஐஸ் மட்டும் கேட்டேன். "வயித்துக்கு ஆகாதுண்ணே" என்று அக்கறையோடு நன்னாரியையும் சேர்த்தே ஊற்றப் பார்த்தார். மின்கடத்தும் மையின் வரலாற்றில் நன்னாரி நுழையாமல் கடைசி நொடியில் தடுத்தேன்.

செல்வராணி அல்லிநகரத்தில் குடியிருந்தார். நாற்பதை நெருங்கிய வயது. வேகமான பேச்சு, அதைவிட வேகமான நடை. மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையில், நான் "பசியாறிவிட்டேன்" என்று சொன்னதற்கு, "ஒங்க ஊர்ல காலைச் சாப்பாட்டுக்கே அப்படித்தான் சொல்லுவாகளா? நல்லா இருக்கே" என்றார். பசியாறியது உண்மை. விடுதிக்கு எதிரில் பருத்திப்பால் குடித்தேன். கருப்பட்டியும் சுக்கும் போட்ட கொழகொழப்பு. எங்கள் ஊரில் பாலுக்கு ரப்பர் மரத்தைக் கீறுவோம், இங்கே பருத்தி விதையை ஆட்டுகிறார்கள். மாட்டை நம்புகிறவர்கள் இரண்டு ஊரிலும் குறைவு என்று தெரிகிறது.

கல்லூரியில் அவருக்கு ஒரு சின்ன அறை. அதன் வாசலில் மூன்று இரும்பு ரேக்குகள் காத்துக்கொண்டு நின்றன.

"இதெல்லாம் உங்களுடையதா?" என்றேன்.

"இல்ல சார். விடைத்தாள் அடுக்குறதுக்கு. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்குறோம்னு பிரின்சிபால் சொல்லிட்டாரு. ஒங்க கம்பெனி சரின்னா ரூம் எனக்கு. இல்லன்னா விடைத்தாளுக்கு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் உள்ளே போகும்போது அந்த ரேக்கை முழங்கையால் ஓர் இடி இடித்துவிட்டுப் போனார். நான்கு வருடம் சொந்த நேரத்தில் கட்டிய அறை. கடிகார மோட்டாரில் செய்த ஏற்றி இறக்கும் பொறி, மருந்துக்கடை ஊசிக் குழாய்கள், இழுத்து அளக்க மரச்சட்டத்தில் ஓர் அமைப்பு. ஆய்வகம் என்பதைவிட, உடைந்த சாமான்கள் மனம் திருந்தி ஒழுங்காக வாழ்கிற இடம் என்று சொல்லலாம்.

முறை எளிது. பட்டையைச் சாராயக் கரைசலில் துடைத்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு சேர்த்த மையில் முக்கி, மிக மெதுவாக மேலே எடுக்க வேண்டும். வேகமாக எடுத்தால் தடிக்கும், நின்று எடுத்தால் கோடு விழும். மோட்டார் அதற்குத்தான். இருபது பட்டைகளை வரிசையாக மாட்டி, கண்ணாடி ஜாடியில் இறக்கி, பொத்தானை அழுத்தினார். பட்டைகள் பாதி மேலே வந்திருந்தபோது கரண்டு போனது.

அது அட்டவணை போட்டுக் கரண்டை நிறுத்திய காலம். ஆனால் அட்டவணையில் அந்த மணி இல்லை. ஜன்னல் வழியே பார்த்தால் ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. யாருக்காகச் சுற்றினவோ.

"தொடாதீக! அப்படியே இருக்கட்டும்!" என்றார் செல்வராணி. நானும் தொடக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் உதவ வேண்டும் என்ற எண்ணம் வரும்போதெல்லாம் என் முழங்கை முந்திக்கொள்ளும். ஜாடி சாய்ந்தது. பாதி மை மேசையில், மீதிப் பாதியில் பெரும்பங்கு என் வெள்ளைச் சட்டையில்.

செல்வராணி மல்டிமீட்டரை எடுத்து, என் சட்டையின் நீலத்தில் இரண்டு முனைகளையும் வைத்தார். எண் காட்டியது. அருமையான எண்.

"இந்த வாரத்துல வேல செஞ்ச மொத ஐட்டம் ஒங்க சட்டைதான் சார்" என்றார்.

பாட்டிலில் மிச்சம் இருந்தது இன்னொரு இருபது பட்டைக்கு மட்டும். மோட்டாரை நம்ப முடியாது. அவர் தன் கைகளைப் பார்த்துவிட்டு, "கை நடுங்காம மெதுவா முக்கத் தெரிஞ்ச ஆளு வேணும், அவ்வளவுதானே? காலையில ஓடைப்பட்டி வாங்க" என்றார்.

ஓடைப்பட்டியில் அவருடைய அண்ணனுக்குத் திராட்சைத் தோட்டம். விதையில்லாத் திராட்சை பிஞ்சாக இருக்கும்போது, ஒவ்வொரு கொத்தையும் தனித்தனியாக ஊக்க மருந்தில் முக்கி எடுக்க வேண்டுமாம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். புதன்கிழமை காலையில் நாங்கள் போனபோது, கல்தூண் பந்தலுக்கு அடியில் நான்கு பெண்கள் கையில் பிளாஸ்டிக் மக்கோடு நகர்ந்துகொண்டிருந்தார்கள். மேற்கே மலை பக்கத்து வீட்டுச் சுவர் மாதிரி நின்றது. எங்கள் ஊரில் மலை எப்போதும் மழைக்குப் பின்னால் இருக்கும், பார்த்தவர்கள் குறைவு.

நான்கு பேருக்கும் தலைவி பேச்சியம்மாள். முப்பத்தைந்து வயதிருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டீச்சரு, இவுகதான் மலேசியாவா? கறுப்பாத்தான இருக்காக" என்றார்.

"வெயில்தான் அங்கேயும்" என்றேன்.

"பூர்வீகம்?"

"தெரியாதும்மா."

"மூக்கப் பாத்தா கம்பம் பக்கம்."

தோட்டத்துப் பம்புசெட் மோட்டார் ரூமுக்குள் ஒரு கம்பி கட்டி, பட்டைகளைத் துணி கிளிப்பில் தொங்கவிட்டோம். தூசு இருக்காது, தகரக் கூரை சூடு ஏற்றிக் காயவைக்கும், சூரிய ஒளி படாது. செல்வராணி பாடம் எடுக்க ஆரம்பித்தார்: பட்டையை இப்படிப் பிடிக்க வேண்டும், இப்படி உள்ளே விட வேண்டும். பேச்சியம்மாள் பாதியிலேயே நிறுத்தினார்.

"டீச்சர். நாங்க கொத்தயா மக்குக்குள்ள கொண்டு போவோம்? மக்கத்தான் கொத்துக்குக் கொண்டு போவோம்."

பேச்சியம்மாள் செய்தே காட்டினார். மை இருந்த உயரமான டம்ளரை, தொங்கும் பட்டைக்குக் கீழே கொண்டுவந்து, மெல்ல மேலே ஏற்றினார். பட்டை மூழ்கியது. பிறகு டம்ளரைக் கீழே இறக்கினார். எவ்வளவு மெதுவாக என்றால், இறங்குகிறது என்பதே மையின் மட்டத்தைப் பார்த்தால்தான் தெரியும். பட்டை ஆடவில்லை. அடிநுனியில் தங்கிய சொட்டை டம்ளரின் விளிம்பால் தொட்டு வாங்கிக்கொண்டார். திராட்சைக் கொத்தின் நுனியில் மருந்துச் சொட்டு நின்றால் அந்த இடம் கருகிவிடுமாம், ஆகவே பழக்கம். இரண்டு பேர் மாறி மாறி முக்கினார்கள். இருபது பட்டைகள். ஒன்றில்கூடக் கோடு இல்லை. செல்வராணி கடிகார மோட்டாருக்கு மனத்துக்குள் வேலைநீக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது.

மல்டிமீட்டரின் பேட்டரி உயிரை விட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை என் சட்டைக்கு அளித்த பாராட்டே அதன் கடைசி வார்த்தை. பட்டைகள் காயட்டும் என்று நாங்கள் இருவரும் சின்னமனூர் போனோம். பேட்டரி ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. சாப்பாட்டுக்கு ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்தோம். ஆட்டுக்குடல் குழம்பு இலையை விட்டு ஓடப் பார்த்தது, விடவில்லை. பக்கத்து மேசையில் இரண்டு ஏலக்காய் வியாபாரிகள் மலையாளத்தில் சண்டை போட்டுக்கொண்டே தமிழில் ரசம் கேட்டார்கள். பில் கொடுத்தவரும், "மலேசியாவா? பூர்வீகம்?" என்றார். திரும்பும் மினிபஸ் ஓர் ஆட்டு மந்தைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். ஆட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, "எனக்குக் கேக்குது, ஆட்டுக்குல்ல சொல்லணும்" என்றார். மூன்று மணி ஆகிவிட்டது.

மோட்டார் ரூம் கதவைத் திறந்த செல்வராணி அப்படியே நின்றார்.

இருபதில் பதினான்கு பட்டைகளின் அடியில், ஒவ்வொன்றிலும் ஒரு கல் தொங்கியது. சிறிய எலுமிச்சை அளவு கற்கள், சணலில் கட்டியவை. ஒரு சாண் பட்டை ஒன்றரைச் சாணாக இழுபட்டு, விறைப்பாக நின்றது.

"ஏத்தா பேச்சி! என்னத்தா இது?"

"சுருண்டு போச்சு டீச்சரு." பேச்சியம்மாளுக்கு நல்லது செய்த முகம். "நீங்க போன கொஞ்ச நேரத்துல பாத்தேன், எல்லாம் நுனியில சுருளுது. புடலங்கா சுருண்டா கல்லுதான கட்டுவோம்? பக்கத்துத் தோட்டத்துச் சின்னச்சாமி அண்ணன் பந்தல்ல இருந்து அவுத்துட்டு வந்தேன். பதினாலுதான் கெடச்சது. மத்த ஆறுக்கும் இங்கன கெடக்குற கல்லத் தேடுனேன், எல்லாம் வழுக்குது."

"ஈரத்தோடயா கட்டுன?"

"காஞ்ச பெறகு கட்டி என்னத்துக்கு? சுருண்டு காஞ்சுருமே."

செல்வராணி மோட்டார் மேடையில் உட்கார்ந்துவிட்டார். முந்தைய நாள் ஜாடியைச் சாய்த்தவன் இன்றைக்குக் கல் கட்டியவளைப் பார்த்து என்ன பேசுவது?

காய்ந்திருந்தன. கற்களை அவிழ்த்தோம். அவிழ்த்ததும் பட்டைகள் பழைய நீளத்துக்குச் சுருங்கின. சுருங்கிய ரப்பரின்மேல் நீலப் பூச்சு முழுக்கக் குறுக்கே குறுக்கே சின்னச் சின்னச் சுருக்கங்கள். தண்ணீரில் ஊறிய விரல் நுனி மாதிரி. நான் என் தொழிலில் பார்த்திருந்தால் முதல் பார்வையிலேயே குப்பையில் போட்டிருப்பேன். கழிப்பதில் எனக்கு இருபத்தாறு வருட அனுபவம்.

"பரவால்ல" என்றார் செல்வராணி. "ஆறு நல்லா இருக்கு. அத மொதல்ல பாப்போம்."

ஆறும் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தன. கல்லூரியிலிருந்து கொண்டுவந்திருந்த மரச்சட்டத்தில் முதல் பட்டையை மாட்டினார். மீட்டரில் எண் தெரிந்தது. மெல்ல இழுத்தார். கால்பங்கு நீண்டது, எண் ஏறியது. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் எண்கள் எல்லாம் மறைந்து, திரையின் இடது ஓரத்தில் ஒற்றை '1' மட்டும் நின்றது. அந்த மலிவு மீட்டரின் மொழியில் அதற்கு, 'இதற்குள் மின்சாரம் போகவில்லை, என்னை விட்டுவிடு' என்று பொருள். இரண்டாவது பட்டை, '1'. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. எல்லாம் '1'.

ஒரு வருடமாக அவர் பார்த்த அதே '1'. மீட்டரை அணைத்தார். "ரேக்க உள்ள தூக்கி வைக்கச் சொல்லிரலாம்" என்றார். சிரிக்கவில்லை.

எனக்குக் கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது. சுருக்கம் விழுந்த பட்டைகளில் ஒன்றை எடுத்துச் சட்டத்தில் மாட்டினேன். இனி கெடுக்க ஒன்றும் இல்லை என்ற நிலையில்தான் எனக்குத் துணிச்சல் வரும். மீட்டரைப் போட்டேன். எண். இழுத்தேன். கால்பங்கு. எண் அப்படியே. அரைப்பங்கு. ஒன்றரைச் சாண் நீளத்துக்கு வந்துவிட்டது. சுருக்கமெல்லாம் பிரிந்து பூச்சு வழவழப்பாகிவிட்டது. எண் கொஞ்சம் ஆடியது, போகவில்லை.

"டீச்சர்" என்றேன். நான் அவரை அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை.

அவர் வந்து பார்த்தார். என் கையை ஒதுக்கிவிட்டு, தானே இழுத்தார். விட்டார். இழுத்தார். விட்டார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "இழுத்து வச்சுப் பூசுறது! படிச்சிருக்கேன் சார். வெளிநாட்டுல வேற சாமானத்துக்குச் செய்றாக. படிச்சதோட சரி. நம்ம ரப்பருக்குச் செஞ்சு பாக்கணும்னு தோணவே இல்ல. முக்குறதுலதான் கோளாறுன்னு ஒரு வருசம் முக்குறதையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

பேச்சியம்மாளுக்கு எதுவும் புரியவில்லை, ஆனால் திட்டு இல்லை என்பது புரிந்தது. "நல்லதா கெட்டதா, அத மொதல்ல சொல்லுங்க" என்றார்.

"சேலைக்குக் கொசுவம் எதுக்கு வைக்கிற பேச்சி?"

"கொசுவம் வைக்காட்டி எட்டு வச்சு நடக்க முடியுமா? கிழிஞ்சுல்ல போகும்."

"அதேதான். இழுத்த ரப்பர்ல பூச்சு காஞ்சுருச்சு. ரப்பர விட்டதும் பூச்சுல கொசுவம் விழுந்துருச்சு. இப்ப எம்புட்டு இழுத்தாலும் கொசுவந்தான் பிரியுது, பூச்சு வெடிக்கல."

பேச்சியம்மாள் பட்டையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். இழுத்தார், விட்டார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, ஒரு வருட ஆராய்ச்சியையும் ஒரே வரியில் முடித்தார்: "அப்ப நீங்க இம்புட்டு நாளும் கொசுவம் வைக்காமச் சேலையக் கட்டி நடந்திருக்கீக."

ஐந்நூறு தடவை இழுக்க வேண்டும். பதினான்கு பட்டைகள். வியாழக்கிழமை முழுவதும் அதே மோட்டார் ரூமில் அதுதான் வேலை. காலை மருந்து முக்கும் வேலை முடிந்ததும் நான்கு பெண்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இழுப்பு ஒன்றரைச் சாணில் நிற்கும்படி செல்வராணி மரச்சட்டத்தில் ஆணி அடித்துக் கொடுத்தார். பேச்சியம்மாள் எண்ண ஆரம்பித்தார்: "லாபம், ரெண்டு, மூணு…" ஒன்று என்பதை இங்கே அளப்பவர்கள் லாபம் என்றுதான் சொல்லுவார்களாம். என் குறிப்பேட்டில் நானும் அப்படியே எழுதிக்கொண்டேன். பிற்பாடு அதை ஆங்கிலத்தில் தவுக்கேக்கு விளக்க அரைப்பக்கம் ஆனது.

எண்ணும்போது ஊர்க்கதையும் ஓடும். கதை நல்ல இடத்துக்கு வந்தால் எண்ணிக்கை நழுவும். "எரநூத்தி நாப்பத்தொண்ணா, அம்பத்தொண்ணா?" என்று சண்டை வரும். நான் சாட்சி, குறைந்த எண்ணையே எழுதுவேன். "மலேசியா அண்ணனுக்கு நம்ம மேல நம்பிக்கையே இல்ல" என்று ஒருத்தி சொல்ல, "தண்ணி ஊத்திப் பாக்குற ஆளு, அப்படித்தான் இருப்பாரு" என்றார் பேச்சியம்மாள். என் உத்தியோகத்தை இவ்வளவு துல்லியமாக என் மனைவிகூடச் சொன்னதில்லை.

முதல் பட்டை தாண்டியது. மூன்றாவது, நானூறுக்கு மேல் போய் '1' காட்டிவிட்டது. செல்வராணி நகத்தைக் கடித்தார். ஏழாவதும் போனது. பத்தாவதும் போனது. மதியத்துக்கு மேல் யாரும் கதை பேசவில்லை. எண்ணும் குரல் மட்டும் கேட்டது. பதினான்காவது பட்டை ஐந்நூறைத் தொட்டபோதும் மீட்டரில் எண் போகாமல் இருந்தது. தேறியவை பதினொன்று. கேட்டது பத்து. இருபத்தாறு வருடத்தில் ஒழுகவில்லை என்று எழுதி நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

சாயங்காலமே தவுக்கேக்கு ஃபோன் செய்தேன். கேட்டுவிட்டு, முதலாளிகள் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்டார்: "கல் எத்தனை கிராம்?"

கல்! வெள்ளிக்கிழமை காலை அவசரமாகத் திரும்பினோம். கற்கள் மோட்டார் ரூமில் இல்லை. பேச்சியம்மாள் முந்தைய நாள் மாலையே பொறுப்பாக உரியவரிடம் சேர்த்துவிட்டார். பக்கத்துத் தோட்டத்தில் அவை புடலங்காய்களின் நுனியில் மறுபடி தொங்கிக்கொண்டிருந்தன. கீழே சின்னச்சாமி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"என் கல்ல அவுக்க வச்ச மலேசியா நீங்கதானா? வாங்க, இங்கன வந்து பாருங்க. ஒரு நாளு கல்லு இல்ல. கொக்கி மாதிரி வளஞ்சு போச்சு காயி. இத எவன் வாங்குவான்? மீன் புடிக்கத்தான் ஆகும்."

மன்னிப்புக் கேட்டோம். எடை போட்டுவிட்டுத் தருகிறோம் என்றோம். கல் தோட்டத்தை விட்டு வெளியே போகாது என்று சொல்லிவிட்டார். ஆகவே மளிகைக் கடைக்காரரிடம் கெஞ்சி, பேட்டரியில் ஓடும் தராசை வாங்கிக்கொண்டு, புடலம் பந்தலுக்கு அடியில் குனிந்து குனிந்து ஒவ்வொரு கல்லாக அவிழ்த்து, எடை போட்டு, எழுதி, திரும்பக் கட்டினோம். சர்வதேசத் தொழில்நுட்ப ஒப்பந்தம் ஒன்றுக்காக நான் புடலங்காய்க்கு முடிச்சுப் போட்டேன். சின்னச்சாமி, "அந்த முடிச்சு நிக்காது" என்று இரண்டைப் பிரித்துக் கட்டவைத்தார்.

எண்பதிலிருந்து நூற்றுப் பத்து கிராம் வரை பரவியிருந்தது. ஃபோனில் சொன்னேன். "ஒன்றைக் கொண்டு வா" என்றார் தவுக்கே.

"கல்லுதானே அண்ணே, கீழே எவ்வளவோ கிடக்கிறதே" என்றேன் சின்னச்சாமியிடம்.

"கெடக்கும். இடுப்புள்ள கல்லு கெடக்குமா?" ஒரு கல்லைக் காட்டினார். நடுவில் லேசாக ஒடுங்கி, சணல் வழுக்காமல் உட்கார ஒரு பள்ளம். "மூணு வெள்ளாமையா இதேதான். ஆத்துக்குள்ள எறங்கிப் பொறுக்குனது."

கடைசியில் ஒன்று கொடுத்தார். தொண்ணூற்றெட்டு கிராம். கல் திரும்பி வர வேண்டும் என்று என்னிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். போகும்போது, "ஒங்க மூக்கு ஆண்டிபட்டி மூக்கு" என்றும் சொல்லிவிட்டார். நான்கு நாளில் என் மூக்கு மாவட்டம் முழுவதும் சுற்றிவிட்டது.

அன்று மதியம் செல்வராணி கல்லூரிக்குப் போய்ப் பிரின்சிபால் மேசையில் பதினோராவது பட்டையை வைத்தார். பத்து எனக்கு, ஒன்று அவருக்கு. பிரின்சிபால் அதை இழுத்துப் பார்த்துவிட்டு, "சுருங்கிப்போய் இருக்கே?" என்றாராம். "அதுதான் சார் விஷயமே" என்றாராம் இவர்.

விமான நிலையத்தில் என் பையைச் சோதித்தது வேறு அதிகாரி. நீலப் பட்டைகள் பத்து, நீலக் கறை படிந்த சட்டை ஒன்று, கல் ஒன்று.

"கல்லு எதுக்கு சார்?"

"புடலங்காய்க்கு."

"புடலங்கா எங்க?"

"அங்கேயே இருக்கிறது" என்றேன். இவரும் விட்டுவிட்டார். இந்தியச் சுங்கத் துறையில் இரக்கமுள்ளவர்கள் அதிகம்.

கிள்ளானில் தவுக்கே அந்தக் கல்லை மேசையில் வைத்து நீண்ட நேரம் பார்த்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு கல்லைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். பட்டறையில் அதே அளவில், அதே எடையில், அதே இடுப்போடு, எஃகில் ஐம்பது கட்டைகள் கடைந்தார்கள். இப்போது எங்கள் தொழிற்சாலையில் ஓர் அறை முழுக்க நீலப் பட்டைகள் புடலங்காய் மாதிரி தொங்குகின்றன. ஒழுகுகிறதா என்று பார்க்கும் வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு, என்னை அங்கே போட்டிருக்கிறார்கள். வெடிக்கிறதா என்று பார்க்கிறேன்.

சத்தியம் மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. கல்லைக் கேட்டேன். தவுக்கே தரவில்லை. ஆகவே ஓர் எஃகுக் கட்டையைப் பொட்டலம் கட்டி ஓடைப்பட்டிக்கு அனுப்பினேன்.

போன மாதம் செல்வராணியிடமிருந்து கடிதம் வந்தது. அறை அவருக்கே. விடைத்தாள்களைப் பிரின்சிபால் அறை வராந்தாவில் அடுக்கியிருக்கிறார்களாம். மூன்று ரேக்குகளில் ஒன்றை இவர் வாங்கிக்கொண்டு, பட்டைகளைத் தொங்கவிட்டிருக்கிறார். திராட்சை வேலை இல்லாத மாதங்களில் பேச்சியம்மாளும் மற்ற மூவரும் அங்கே வந்து முக்கிக் கொடுக்கிறார்கள். மோட்டார் மறுபடி கடிகாரத்துக்கே போய்விட்டது.

கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "சின்னச்சாமி அண்ணன் சொல்லச் சொன்னாக. நீங்க அனுப்புன எஃகு கட்டுன காய் மட்டும் குச்சி மாதிரி நேரா வருதாம். மத்த பதிமூணுக்கும் எப்ப வரும்னு கேக்குறாக."